கணிதப் புதிரும் கதாபாத்திரத்தின் கணக்கறிவும்: ஆர்பிஜி ஆட்டத்தை நடத்துபவருக்கு ஒரு வழிகாட்டி

டேபிள்டாப் ஆர்பிஜி என்பது மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் கதையாட்டம். அந்த மேசையில் கணிதப் புதிர் ஒன்றை வைக்கும் கேம் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்துபவர், ஒரே நேரத்தில் இருவரைச் சோதனைக்கு அழைக்கிறார். ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஆட்டக்காரர்; மற்றவர் அவர் கையிலுள்ள தாளில் எண்களாக வாழும் கதாபாத்திரம். இவ்விருவரின் கணக்கறிவும் ஒத்துப்போவது அரிது. பொறியியல் படித்தவர் அறிவுத்திறன் 8 உள்ள முரட்டுப் போர்வீரனாக ஆடுகிறார். பத்தாம் வகுப்போடு கணக்குக்கு முழுக்குப் போட்டவர் அறிவுத்திறன் 18 உள்ள மந்திரவாதியாக ஆடுகிறார். புதிர் வெளியே வந்ததும் போர்வீரன் சட்டென்று விடை சொல்லிவிடுகிறான், நாடறிந்த பேரறிஞரோ விழித்துக்கொண்டு நிற்கிறார். இதைத் தவிர்க்க எண்ணி, "பகடையை உருட்டுங்கள், வென்றால் கதவு திறக்கும்" என்று சொல்லிவிட்டால், பாடுபட்டு அமைத்த புதிர் யார் கையும் படாமலேயே தீர்ந்துபோகிறது.

இந்த இழுபறி புதிதன்று. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல் வெளிவந்தபோது, பொறிகளையும் புதிர்களையும் அவிழ்ப்பது பெரும்பாலும் ஆட்டக்காரரின் மூளைக்கே விடப்பட்டிருந்தது. கைகாக்ஸ் 1975-ல் ஒரு மாநாட்டுப் போட்டிக்காக அமைத்து, 1978-ல் அச்சேறிய 'டோம்ப் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற சாகசம் அந்த மனப்பாங்கின் உச்சம்: கதாபாத்திரத்தின் பலம் அங்கே பெரிதாக உதவாது, ஆடுபவர் விழிப்பாக இருக்க வேண்டும். பின்னர் வந்த கால் ஆஃப் கதுலு (1981), கர்ப்ஸ் (1986) போன்ற ஆட்டங்கள் திறன் பட்டியலை முன்னிறுத்தின. கணிதமும் கதாபாத்திரத் தாளில் ஒரு வரியாக இடம்பெற்றது. இன்று ஆடுபவர்கள் இரண்டு மரபுகளையும் சேர்த்தே சுமக்கிறோம்.

இந்த வழிகாட்டி பரிந்துரைக்கும் ஏற்பாடு எளியது. கதாபாத்திரத்தின் கணிதத் திறன், அவர் கண்ணுக்கு என்ன புலப்படுகிறது என்பதைத் தீர்மானிக்கட்டும்; புலப்பட்டதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதை ஆட்டக்காரர் தீர்மானிக்கட்டும். கீழே உள்ளவை யாவும் இந்தப் பிரிவினையை மேசையில் எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதைப் பற்றியவை.

பகடை எவ்வளவு நம்பத்தக்கது

ஆட்டத்துக்கு முன் உங்கள் விதிநூலின் பகடைக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் கணிதம் என்று தனித்திறன் கிடையாது. இருபது முகப் பகடையை உருட்டி, அறிவுத்திறனுக்குரிய கூட்டெண்ணைச் சேர்த்துக் கடின எண்ணோடு ஒப்பிட வேண்டும். நடுத்தரக் கடினம் 15 என்று வைத்துக்கொண்டால், அறிவுத்திறன் 18 உள்ளவருக்கு +4 கிடைக்கும், வெற்றி வாய்ப்பு 50 விழுக்காடு. அறிவுத்திறன் 8 உள்ளவருக்கு -1, வாய்ப்பு 25 விழுக்காடு. அதாவது, இருவரும் தனித்தனியே உருட்டினால், அறிஞர் தோற்று முரடன் வெல்லும் கூத்து எட்டில் ஒரு முறை நடந்தே தீரும். அதைவிட மோசமான நிலை ஒன்றுண்டு: கூட்டெண் ஏதுமில்லாத நான்கு பேர் ஆளுக்கொரு முறை உருட்டினால், அவர்களில் ஒருவராவது வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 76 விழுக்காடு. கணக்கே படிக்காத நான்கு பேர் சேர்ந்தால் தனியொரு மேதையை மிஞ்சிவிடலாம் என்பது, அந்த மேதையைப் பார்த்துப் பார்த்து உருவாக்கியவருக்கு எரிச்சலூட்டும்.

ஆகவே கணிதச் சோதனையை எல்லோருக்கும் திறந்துவிடாதீர்கள். தகுதியுள்ள ஒருவர் மட்டும் உருட்டட்டும். மற்றவர்கள் அவருக்கு உதவுவதாகச் சொன்னால், விதிப்படி அவர் இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்ளலாம். அப்போது அதே மேதையின் வாய்ப்பு 75 விழுக்காடாகிறது. குழுவாகச் சேர்வதன் பயன் குறையவில்லை, பெருமை மட்டும் உரியவரிடம் போய்ச் சேர்கிறது. கதாபாத்திரத்தின் பின்னணி இடம் கொடுத்தால், அதாவது மடத்தில் ஓலை படித்தவர், கப்பலில் திசை கணித்தவர், கோட்டை கட்டியவர் என்றால், பயிற்சிக் கூட்டெண்ணையும் சேர்க்கலாம். அது முதல் நிலையில் +2-ல் தொடங்கி +6 வரை உயர்வது.

கர்ப்ஸில் இச்சிக்கல் அநேகமாக இல்லை. அங்கே கணிதம் கடினமான திறன்களுள் ஒன்று. மூன்று ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை திறன் எண்ணைத் தாண்டாமல் இருக்க வேண்டும். திறன் 14 உள்ளவர் ஏறத்தாழ 91 விழுக்காடு வெல்வார். பயிற்சியே இல்லாத சராசரி மனிதர், அறிவில் ஆறு கழித்து 4-க்கு உருட்ட வேண்டியிருப்பதால், 2 விழுக்காட்டுக்கும் குறைவாகவே வெல்வார். நான்காம் பதிப்பு இத்திறனை மேலும் பிரித்து, தூய கணிதம், பயன்பாட்டுக் கணிதம், புள்ளியியல், நில அளவை, மறைமொழியியல், கணினியியல் எனத் தனித்தனியே கற்கச் சொல்கிறது. கால் ஆஃப் கதுலு ஏழாம் பதிப்பில் யாருக்கும் அடிப்படையாகக் கணிதம் 10 விழுக்காடு உண்டு. உயர்த்திக் கொண்டவருக்குச் சாதாரண வெற்றி, பாதி எண்ணில் கடின வெற்றி, ஐந்தில் ஒரு பங்கில் மிகக் கடின வெற்றி என மூன்று படிகள் கிடைக்கின்றன. திறன் 60 என்றால் அவற்றின் வாய்ப்பு முறையே 60, 30, 12 விழுக்காடு. வெற்றியைப் படிகளாகப் பிரிக்கும் இந்த முறை நமக்கு மிகவும் வேண்டியது. கீழே விளக்கும் புதிர் இதன் மீதே நிற்கிறது.

புதிரைத் தேர்ந்தெடுத்தல்

நல்ல மேசைப் புதிரில், விடையைக் கண்டுபிடிக்கச் சிந்தனை வேண்டும். கண்டுபிடித்த பின் அதைச் செய்து முடிக்க அதிக நேரம் ஆகக் கூடாது. ஃபிரான்சின் எதுவார் லூக்கா 1883-ல் வெளியிட்ட ஹனோய் கோபுரம், அதாவது சிறியதன் மேல் பெரியது வராமல் வட்டுகளை ஒவ்வொன்றாக வேறு தூணுக்கு மாற்றும் புதிர், இதற்கு நேர் எதிரானது. அதன் உத்தி இரண்டு நிமிடத்தில் பிடிபட்டுவிடும். ஆனால் ஏழு வட்டுகளை நகர்த்தி முடிக்க 127 நகர்வுகள் வேண்டும். ஒருவர் வட்டு நகர்த்த, மற்ற நால்வரும் செல்பேசியை எடுத்துவிடுவார்கள். அதை வைத்தே ஆக வேண்டுமென்றால், உத்தி தெரிந்ததும் "செய்து முடித்துவிட்டீர்கள், இத்தனை நேரம் ஆயிற்று" என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

மூன்று லிட்டர், ஐந்து லிட்டர் குடங்களைக் கொண்டு நான்கு லிட்டர் அளக்கும் புதிருக்கு வேறொரு குறை: ஊரறிந்த புதிர். தெரிந்தவர் ஒருவர் இருந்தாலே அது புதிராக இருக்காது. ஆனால் அதையே சற்றுத் திருப்பினால் கணிதத் திறனுக்கு மிகப் பொருத்தமான சூழல் உருவாகிறது. குடங்களை ஆறும் ஒன்பதுமாக மாற்றி, அதே நான்கு லிட்டரைக் கேளுங்கள். ஆறும் ஒன்பதும் மூன்றின் மடங்குகள். அவற்றை எப்படி ஊற்றி எப்படிக் கொட்டினாலும் மூன்றின் மடங்குகள் மட்டுமே கிடைக்கும். நான்கு ஒருபோதும் கிடைக்காது. பயிற்சியுள்ள கதாபாத்திரத்துக்கு இது உருட்டாமலேயே தெரிய வேண்டும். "இந்த இரண்டு குடத்தால் முடியாது; ஒன்று, இங்கே மூன்றாவது பாத்திரம் ஒன்று ஒளிந்திருக்கிறது, அல்லது இதைக் கட்டியவன் உங்களை இங்கேயே உட்கார வைக்கப் பார்க்கிறான்" என்று அவரிடம் சொல்லுங்கள். கணிதம் தெரிந்தவரின் தலையாய வலிமை, எது முடியாது என்று உறுதியாகச் சொல்ல முடிவதுதான். ஆர்பிஜி மேசைகளில் இவ்வலிமை அரிதாகவே பயன்படுத்தப்படுகிறது.

கூட்டல், பெருக்கல் போன்ற வெறும் எண்வேலையைக் கால்குலேட்டரிடமே விட்டுவிடலாம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரிடம் பட்ட பயம் சிலருக்கு நாற்பது வயதிலும் போவதில்லை. ஓய்வு நாளில் விளையாட வந்த இடத்தில் அவர்களைக் கரும்பலகை முன் நிறுத்துவது அநாகரிகம். தொடர் ஆட்டம் தொடங்கும் முன் நடக்கும் முதல் சந்திப்பிலேயே, புதிர் யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்று கேட்டுவிட வேண்டும். ஒருவருக்குமே பிடிக்காது என்று தெரிந்தால், இந்த வழிகாட்டியின் கடைசிப் பகுதிக்கு நேரே போய்விடலாம்.

ஒன்பது பலகைகள்: ஒரு புதிரை மேசையில் நடத்துதல்

ஒரு நிலவறையின் தரையில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது குழிகள் உள்ளன. பக்கத்தில் ஒன்பது கற்பலகைகள். அவற்றில் ஒன்று முதல் ஒன்பது வரை புள்ளிகள் குடையப்பட்டுள்ளன. நெடுக்கிலும் குறுக்கிலும் மூலைவாட்டிலும் கூட்டினால் ஒரே தொகை வர வேண்டும் என்று நிலைவாசலில் பொறித்திருக்கிறது. இது மாயச்சதுரம், சீன மரபில் லோ ஷூ என்ற பெயரில் நெடுங்காலமாக அறியப்பட்டது. புதிரை அறிமுகப்படுத்தும்போது எண் எழுதிய ஒன்பது தாள் துண்டுகளை மேசையில் போட்டுவிடுங்கள். கைக்குக் கிடைத்தால் கூச்சமுள்ளவர்களும் நகர்த்திப் பார்ப்பார்கள்.

இப்போது குறிப்புகளை ஏணியின் படிகளாக அடுக்குவோம். முதல் படி: ஒன்று முதல் ஒன்பது வரை கூட்டினால் 45, வரிசைகள் மூன்று, ஆகவே ஒவ்வொன்றும் 15. கணிதப் பயிற்சி உள்ள எவருக்கும் இதை உருட்டாமலேயே கொடுங்கள். இரண்டாம் படி: நடுவில் 5 தான் வர முடியும். நடுக்குழி வழியாக நான்கு கோடுகள் செல்கின்றன. நான்கும் சேர்ந்து 60. அந்த நான்கு கோடுகளில் எல்லா எண்களும் ஒருமுறை வருகின்றன, நடு எண் மட்டும் மேலும் மூன்று முறை வருகிறது. 60-ல் 45 போக மீதி 15. அது நடு எண்ணின் மூன்று மடங்கு. மூன்றாம் படி: மூலைகளில் இரட்டை எண்களும் பக்கங்களின் நடுவில் ஒற்றை எண்களும் வரும். ஐந்தாம் பதிப்பில் 10 எட்டினால் இரண்டாம் படி, 15 எட்டினால் மூன்றாம் படி என வைத்துக்கொள்ளலாம். அறிவுத்திறன் 18-உம் தொடக்கப் பயிற்சியும் உள்ளவர் +6 சேர்ப்பதால், அவருக்கு இவற்றின் வாய்ப்பு முறையே 85, 60 விழுக்காடு. கால் ஆஃப் கதுலுவில் சாதாரண வெற்றிக்கு இரண்டாம் படி, கடின வெற்றிக்கு மூன்றாம் படி. கர்ப்ஸில் திறன் எண்ணைவிட எவ்வளவு குறைவாக விழுந்தது என்ற இடைவெளியைக் கொண்டு படிகளைப் பிரிக்கலாம். இடைவெளி மூன்றுக்கு ஒரு படி என்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

எந்தப் படியையும் "உன் கதாபாத்திரத்துக்குத் தெரிகிறது" என்று மொட்டையாகச் சொல்லாமல், அந்த ஆளின் கண்வழியே சொல்ல வேண்டும். கணக்காயர் பலகைகளைக் காசுபோல் அடுக்கிப் பார்க்கட்டும். கட்டடக் கலைஞர் நடுக்குழி மட்டும் அதிகம் தேய்ந்திருப்பதைக் கவனிக்கட்டும். காரணத்தையும் சேர்த்தே கொடுங்கள், ஏனெனில் காரணம் தெரிந்தால்தான் ஆட்டக்காரர் அடுத்த படிக்குத் தாமே ஏற முடியும், இல்லையெனில் அடுத்த குறிப்புக்காக உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தப் புதிரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. ஒன்பது பலகைகளை 3,62,880 விதமாக அடுக்கலாம். அவற்றில் நிபந்தனைக்கு உட்பட்டவை வெறும் எட்டு. அந்த எட்டும் ஒரே சதுரத்தைச் சுழற்றியும் கண்ணாடியில் காட்டியும் பெற்றவை. கணிதம் இதற்கு மேல் ஒரு அடிகூட நகராது. எட்டும் கணித நோக்கில் சமம். எட்டில் எதுவென்று சொல்ல, 1 எந்தத் திசையில், 3 எந்தத் திசையில் என்ற இரண்டு செய்திகள் மட்டும் தேவை. அவற்றைக் கதையின் உலகத்தில் மறைத்து வையுங்கள். அந்நாட்டுக் கோயில்களில் முதற்கடவுள் எப்போதும் வடக்கில் நிற்பார் என்பது பூசாரிக்குத் தெரியும். மூன்று தலைப் பாம்பு கிழக்குச் சுவரில் செதுக்கப்பட்டிருப்பதைத் திருடன் முதலிலேயே பார்த்துவிட்டான். வடக்கில் 1, கிழக்கில் 3 என்றதும் சதுரம் ஒன்றாகச் சுருங்குகிறது: மேல்வரிசை 6, 1, 8, நடுவரிசை 7, 5, 3, கீழ்வரிசை 2, 9, 4. கணிதம் தெரிந்தவர் மூன்றரை லட்சத்தை எட்டாக்கினார், கணிதமே தெரியாத இருவர் எட்டை ஒன்றாக்கினார்கள். கணிதப் புதிர் ஒருவரின் தனிக்கச்சேரியாகாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தவறாக அடுக்கினால் என்ன ஆகும் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். அறையில் தண்ணீர் ஒரு முழம் ஏறலாம், விளக்கிலுள்ள எண்ணெய் குறையலாம், மேல்தளத்துக் காவலர் காதில் சத்தம் விழலாம். ஆட்டம் அங்கேயே நின்றுபோவது மட்டும் கூடாது. கடப்பாரையால் பொறியை உடைத்தும் உள்ளே போகலாம், ஆனால் உள்ளிருக்கும் ஓலைகள் நனைந்துபோகும் என்பது போல, விலை உயர்ந்த மாற்றுவழி ஒன்று இருந்தே ஆக வேண்டும். ராபின் லாஸ் வடிவமைத்து 2006-ல் அறிமுகமான கம்ஷூ ஆட்டமுறை இதை விதியாகவே எழுதிவைத்தது: கதை நகரத் தேவையான தடயம், உரிய திறன் உள்ளவர் உரிய இடத்தில் தேடினால் உருட்டாமல் கிடைக்கும். வேறெந்த விதிநூலை வைத்து ஆடினாலும், கணிதப் புதிருக்கு இந்த ஒரு விதியைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். நேரமும் பாருங்கள், கால் மணி நேரத்தில் மேசை ஓய்ந்துவிட்டால், அடுத்த படியை ஏதேனும் ஒரு விலைக்கு விற்றுவிடுங்கள்.

ஆட்டக்காரர் வல்லவர், பாத்திரம் மந்தம்

முரட்டுப் போர்வீரனாக ஆடும் பொறியாளரின் வாயை அடைப்பது தவறு. அவர் புதிரை விரும்புகிறார்; அதை அவரிடமிருந்து பிடுங்கினால் அந்த மாலையில் அவருக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. மேசையில் யார் வேண்டுமானாலும் யோசிக்கட்டும், ஆனால் கதைக்குள் அந்த யோசனை உரியவரின் வாயிலிருந்து வெளிவரட்டும் என்று முதலிலேயே ஒப்புக்கொள்வது பெரும்பாலான குழுக்களுக்குப் போதும். போர்வீரன் தற்செயலாகக் காலால் தள்ளிய பலகை சரியான இடத்தில் விழ, அதைப் பார்த்து மந்திரவாதிக்குப் பொறி தட்டியது என்று பொறியாளரே கதை சொல்வார், அதுவும் நடிப்புதான். மந்தமான பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கணித மேதைபோல் தொடர்ந்து நடந்துகொள்பவரிடம் தனியே பேசிக்கொள்ளலாம், மேசையில் எல்லோர் முன்னிலையிலும் வேண்டாம்.

நேர்மாறான நிலையில், அதாவது பாத்திரம் மேதை, ஆடுபவருக்குக் கணக்கு வராது என்றால், மேலே சொன்ன ஏணி அவருக்காகவே இருக்கிறது. வாள்வீச்சுத் தெரியாதவரை மேசைமீது வாள் வீசிக் காட்டச் சொல்வதில்லை; கணக்கிலும் அந்தச் சலுகை வேண்டும். கடைசிப் படி வரை போய், "மீதியை உங்கள் மந்திரவாதி முடித்துவிட்டார், எட்டு விடைகள் உள்ளன, எதை வைக்கலாம்?" என்று முடிவை மட்டும் அவர் கையில் கொடுத்தாலும் போதும்.

விதிநூலே ஆட்டக்காரரின் கணக்கைச் சோதிக்கும் இடங்களும் உண்டு. பாத்ஃபைண்டர் என்ற ஆர்பிஜியின் முதல் பதிப்பில் உள்ள 'சேக்ரட் ஜியோமெட்ரி' என்ற சிறப்புத் தகுதியை எடுத்துக்கொண்டவர், மந்திரம் வீசும்போது தம் பொறியியல் அறிவுக்கேற்ற எண்ணிக்கையில் ஆறுமுகப் பகடைகளை உருட்டி, விழுந்த எண்களைக் கூட்டியும் கழித்தும் பெருக்கியும் வகுத்தும் குறிப்பிட்ட பகா எண்களுள் ஒன்றைப் பெற வேண்டும். முதல் நிலை மந்திரத்துக்கு 3, 5, 7. படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் பகடைகள் பெருகப் பெருக ஏதாவதொரு விடை ஏறத்தாழ எப்போதும் இருக்கும் என்பதால், அங்கே சோதிக்கப்படுவது மற்றவர்களின் பொறுமை மட்டுமே. சண்டையின் நடுவே இப்படிப்பட்ட எண்வேலை வேண்டாம் என்பது என் கருத்து. அதை விரும்பும் ஆட்டக்காரர் இருந்தால், மற்றவர்களின் முறை நடக்கும்போதே கணக்கைப் போட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தமிழில் ஆடும்போது மறைமொழி

எழுத்துகளை இடம் நகர்த்தும் மறைமொழி, ஆர்பிஜி மேசைகளில் மிகவும் புழங்கும் கணிதப் புதிர். ஆங்கிலத்துக்கான உத்திகளை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் வேலைக்காகாது; நமக்கு உயிரும் மெய்யும் பிரிந்து நிற்கும் வசதி இருக்கிறது. உயிர்க்குறிகளைத் தொடாமல், பதினெட்டு மெய்களை மட்டும் அவற்றின் வரிசையில் ஒரு இடம் தள்ளுங்கள். 'கதவு' என்பது 'ஙநழு' ஆகும், 'அவன்' என்பது 'அழக்' ஆகும். ஒவ்வொன்றாக முயன்று பார்த்தாலும் 17 நகர்வுகள்தான், ஆகவே பயிற்சி இல்லாதவரும் பொறுமையிருந்தால் உடைத்துவிடுவார். நேரம் எடுக்கும், அவ்வளவே.

பயிற்சியுள்ளவருக்கு என்ன புலப்படும்? வழக்கிலுள்ள தமிழ்ச் சொல் எதுவும் ஙகரத்தில் தொடங்குவதில்லை. தனிச்சொல்லின் ஈற்றில் வல்லின மெய் வராது. அடுத்த சொல்லோடு சேரும்போது ஒற்று மிகுந்தால்தான் வரும். ஓலையில் சொல்லுக்குச் சொல் 'க்' என்று முடிந்தால், அது பெரும்பாலும் ஒளிந்திருக்கும் 'ன்' ஆகவே இருக்கும். அதுவே நகர்வின் அளவைக் காட்டிக்கொடுத்துவிடும். செய்தியை எழுதும்போது ஒற்று மிகும் இடங்களைத் தவிர்த்துச் சிறு சிறு தொடர்களாக எழுதினால் இந்தக் குறிப்பு தெளிவாக வேலை செய்யும். கால் ஆஃப் கதுலு மறைமொழியைக் கணிதத்திலிருந்து தனித்த அறிவியல் திறனாக வைத்திருப்பதையும் மறக்க வேண்டாம். இரண்டில் எது இருந்தாலும் முதல் படியைக் கொடுத்துவிடலாம்.

பூட்டும் கதவும் இல்லாத இடத்தில் கணிதம்

கணிதத் திறனைப் புதிர் வரும்வரை உறங்க வைப்பதுதான் மேசைகளில் நான் காணும் பெருங்குறை. ஒருவர் தம் புள்ளிகளைச் செலவிட்டு அத்திறனை வாங்கியிருக்கிறார். அது ஒவ்வொரு செஷனிலும் ஏதாவது ஈட்டித் தர வேண்டும். அதற்கு மெய்யான வரலாற்றிலிருந்தே நிறையப் பொருள் கிடைக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள், ஜெர்மனி மாதத்துக்கு எத்தனை டாங்கி செய்கிறது என்று அறிய, கைப்பற்றியவற்றின் வரிசை எண்களை ஆராய்ந்தன. 1942 ஆகஸ்டுக்கு உளவுத்துறை சொன்ன எண்ணிக்கை 1,550. புள்ளியியலாளர் சொன்னது 327. போருக்குப் பின் கிடைத்த ஜெர்மானிய ஆவணம் காட்டியது 342. இதன் எளிய வடிவம் எந்தக் கற்பனை உலகத்திலும் செல்லும். வீழ்ந்த எதிரிகளிடமிருந்து நான்கு கேடயங்கள் கிடைக்கின்றன, எல்லாவற்றிலும் கொல்லன் இட்ட எண் இருக்கிறது, மிகப் பெரிய எண் 60. அதோடு அதன் நான்கில் ஒரு பங்கான 15-ஐக் கூட்டி, ஒன்றைக் கழித்தால் 74. முகாமில் ஏறத்தாழ அத்தனை கேடயங்கள் இருக்கும். சோதனையில் வென்றவருக்கு இந்த எண்ணைக் கொடுங்கள். தோற்றவருக்குப் பொய்யான எண்ணைக் கொடுக்க வேண்டாம். "அறுபதுக்குக் குறையாது" என்று, யாருக்கும் தெரியக்கூடிய உண்மையைச் சொன்னால் போதும். 74 பேரை நேரே மோதுவதா, இரவில் சுற்றிப்போவதா என்ற விவாதத்தை ஆட்டக்காரர்கள் தாமே தொடங்கிவிடுவார்கள்.

மதுக்கடைச் சூதாட்டமும் நல்ல களம். மூன்று பகடைகளில் ஒன்பது வருவதற்கும் பத்து வருவதற்கும் மேலோட்டமாகப் பார்த்தால் ஆறாறு வகைகளே உள்ளன. வரிசையையும் எண்ணினால் 216-ல் ஒன்பதுக்கு 25, பத்துக்கு 27. கலிலியோ விளக்கிய கணக்கு இது. கணிதம் தெரிந்த கதாபாத்திரம் எதன்மீது பந்தயம் கட்ட வேண்டும் என்பதை அறிவார், ஆனால் வேறுபாடு மிகச் சிறியது; ஒரே இரவில் பணக்காரராக முடியாது. மெய்யான பகடைகளையே மேசையில் உருட்டி ஆடலாம் என்பது இதன் கூடுதல் இன்பம்.

1920-களில் நடக்கும் கால் ஆஃப் கதுலு ஆட்டத்தில் கணக்குப் புத்தகங்களே தடயமாகும். அமெரிக்க வானியலாளர் சைமன் நியூகோம், மடக்கை அட்டவணை நூல்களின் முன்பக்கங்கள் பின்பக்கங்களைவிட அதிகம் அழுக்கேறித் தேய்ந்திருப்பதைக் கவனித்து, இயல்பாகத் திரளும் எண்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஒன்றில் தொடங்கும், ஒன்பதில் தொடங்குபவை 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்று 1881-ல் எழுதினார். ஃபிராங்க் பென்ஃபோர்டு இதை விரிவாகச் சோதித்து வெளியிட்டது 1938-ல். எனவே 1925-ன் கணிதப் பேராசிரியர் நியூகோமை மட்டுமே படித்திருக்கக் கூடும். அதுவும் கடின வெற்றிக்கு உரிய அறிவு. இதைக் கொண்டு ஒரு மர்மச் சங்கத்தின் நன்கொடைக் கணக்கு கையால் புனையப்பட்டது என்று அவர் சொல்லலாம். சில ரூபாய் முதல் பல ஆயிரம் வரை தொகைகள் பரந்து கிடக்கும் கணக்கில்தான் இது செல்லும். எல்லோரும் ஒரே சந்தா கட்டும் ஏட்டில் செல்லாது. இந்த வரம்பையும் சேர்த்துச் சொன்னால், எந்த ஏட்டைத் திருடுவது என்று ஆட்டக்காரர் தாமே யோசிப்பார்.

இங்கே காலத்தைப் பற்றி ஒரு கட்டுப்பாடு தேவைப்படுகிறது. வாய்ப்புக் கணக்கு முறையாகத் தொடங்கியது பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654-ல் எழுதிக்கொண்ட கடிதங்களில். நேப்பியரின் மடக்கை 1614-ல் வந்தது. இடைக்கால ஐரோப்பாவைத் தழுவிய உலகத்தில் வாழும் கணியர், "வெற்றி வாய்ப்பு 37 விழுக்காடு" என்று பேசினால் காதில் இடறும். பத்து முறை மோதினால் நான்கு முறை பிழைப்போம் என்று அவர் அனுபவமாகச் சொல்லலாம். 1920-களின் ஆய்வாளரிடம் மடக்கை அட்டவணையும், கணக்கிட உதவும் சறுக்கு அளவுகோலும் இருக்க வேண்டும், அவை இல்லாத குகைக்குள் அவர் பெரிய கணக்குப் போட்டால் கடினத்தை ஒரு படி உயர்த்துங்கள். உங்கள் உலகம் எந்த நூற்றாண்டை ஒத்தது, அங்கே பூச்சியம் உண்டா, பின்னம் எப்படி எழுதுவார்கள் என்பதைக் கணிதத் திறன் எடுக்கும் ஆட்டக்காரரோடு உட்கார்ந்து, பாத்திரத்தை உருவாக்கும் அன்றே அவர் தாளின் பின்பக்கத்தில் நான்கைந்து வரியாகக் குறித்து வைத்துவிடுங்கள்.